விதி எண் பதினேழு

'பன்னிரண்டாம் தேதி, திங்கள். இன்றைய தவறு: மாலை வகுப்பில் திருத்திக் கொடுத்த பயிற்சித் தாளில் இரண்டு மதிப்பெண் போயிற்று. மேலே எழுத வேண்டியதை அவசரத்தில் விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே படிக்கத் தைரியம் இல்லாமல் மடித்து எங்கோ வைத்தேன். எங்கே என்று இப்போது தெரியவில்லை. அது இரண்டாவது தவறு.'

இப்படித் தன் தவறுகளுக்குத் தேதி போட்டு எழுதுகிறவனைத்தான் குடியிருப்போர் சங்கம் தேடிப் பிடித்துத் துணைச் செயலாளர் ஆக்கியிருந்தது. பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் அவனுக்குப் பெயர் 'குறிப்புத் தம்பி'. அது பாராட்டு என்று அவன் இரண்டு நாள் நம்பினான்.

புதன்கிழமை காலை சங்கத் தலைவர் அவனை மாடிப்படிக்குக் கீழே ஓரங்கட்டினார்.

"தம்பி, புகார்ப் பெட்டியில மொட்டைக் கடுதாசி."

"யாரைப் பத்தி சார்?"

"என்னைப் பத்தி. என்னன்னு மட்டும் கேக்காத. மேல சிவப்பு மையில ஏதோ கிறுக்கல். அடியில அதே சிவப்புல மிரட்டல். 'இன்னும் கடுமை வேண்டும். அடுத்த முறை பார்ப்போம்'னு எழுதியிருக்கான். என்ன திமிரு பாரு!"

"நான் ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பாரு. அதுவரைக்கும் அது என் பீரோவை விட்டு வெளியே வராது. நீ ஆளைக் கண்டுபிடி. அதுக்கு முன்னாடி ஒரு விதி எழுது."

அன்றே எழுதினான். மொட்டை மாடியில் யார் துணி எந்தப் பக்கம் காய வேண்டும் என்பது வரைக்கும் ஏற்கெனவே பதினாறு விதிகள் இருந்தன. 'விதி எண் பதினேழு: மொட்டைக் கடிதம் எழுதும் வாடகைக் குடும்பம் ஒரு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.' படித்துப் பார்த்தான். காரம் போதவில்லை என்று பட்டது. 'மன்னிப்புக்கு இடமில்லை' என்று சேர்த்து, வழக்கம்போல் தட்டச்சு செய்து வாசலில் ஒட்டினான்.

பிறகு விசாரணை. தண்ணீர் வரும் நேரம் பற்றி யோசனை கேட்பதாகச் சொல்லி, நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போய் எல்லோரையும் இரண்டு வரி எழுத வைத்தான். பதினோரு வீட்டு எழுத்து சேர்ந்தது. பன்னிரண்டாவது அவன் அக்கா வாடகைக்கு இருக்கும் வீடு. அவன் இருப்பதும் அங்கேதான். விசாரிக்கிறவன் தன் வீட்டையே விசாரிப்பதா என்று விட்டுவிட்டான்.

பத்து வீட்டில் நீல மை. கீழ்த்தளத் தையல்காரர் எழுதியது மட்டும் சிவப்பு.

"அளவு குறிக்கிற பேனா தம்பி. வீட்டுல இருக்கிறதே இது ஒண்ணுதான்" என்றார் அவர்.

"தலைவருக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?"

"ஆறு மணிக்கு மேல தையல் மெஷின் ஓடக் கூடாதுன்னு விதி போட்டாரு. கொஞ்சம் வாய் பேசினேன். அதைத் தட்டச்சு பண்ணினதே நீதானேப்பா?"

'காரணம்: முன்பகை' என்று அவன் குறித்துக்கொண்டான்.

தையல்காரர் நோட்டை எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது. "தம்பி, பொண்ணு பத்தாவது படிக்குது. பள்ளிக்கூடம் எதிர்லயே இருக்கு. பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான். இப்பப் போய் வீட்டைக் காலி பண்ண வெச்சிடாதப்பா. சத்தியமா நான் எழுதல."

அது அவனை என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்து குறிப்புகளை மூன்று முறை சரிபார்த்தான். வழக்கமாக மூன்று முறை பார்த்தால் மூன்று விடை வரும். இந்த முறை மூன்றும் ஒன்றாகவே வந்தன. அதனால்தான் நம்பினான்.

ஞாயிறு மாலை, வாகனம் நிறுத்தும் இடத்தில் கூட்டம். தலைவரின் கார் வழக்கம்போல் இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதால், பாதிப் பேருக்கு நாற்காலி போட இடமில்லை. தையல்காரர் மனைவியோடு கடைசியில் நின்றார். அந்த அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைவர் விதி எண் பதினேழை உரக்கப் படித்தார். 'மன்னிப்புக்கு இடமில்லை' என்பதை இரண்டு முறை படித்தார். பிறகு ஓர் உறையை நீட்டினார்.

"இந்தா, ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லு தம்பி."

குறிப்புத் தம்பி தாளை விரித்தான். பார்த்தான். நோட்டைத் திறக்கவே இல்லை.

"என்னப்பா, தையல்காரர் எழுத்துதானே?"

அவன் தோளுக்கு மேலாக அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, இதுவா! இவன் மேசைக்கு அடியில கிடந்துச்சு. தலைவருக்குன்னு போட்டிருந்துச்சு. கையில கொடுக்கக் கூச்சப்படுறான்போலன்னு நான்தானே பெட்டியில போட்டேன்!"

'பதினெட்டாம் தேதி, ஞாயிறு. இன்றைய தவறு: பல. முதலாவது, வகுப்பில் கற்பனையாக ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொன்னபோது, கற்பனை வராமல் தலைவரின் காரைப் பற்றி எழுதியது. தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "புது வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கணும்னா சொல்லு தம்பி, ஆறு மணிக்குள்ள முடிச்சுத் தரேன்" என்றார். தலைவர் காரை நகர்த்திவிட்டார்.

நாளைய வேலை: காலையில் அக்காவோடு வாடகை வீடு தேடுவது. மாலையில், அனுப்புநர் பெயரை எழுதவில்லை என்று ஆசிரியர் சிவப்பு மையில் குறைத்த அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்பது.'