நசுங்காத எலுமிச்சம்பழம்

மலையிறக்கம் தொடங்கும் இடத்தில், கருப்பசாமி கோயிலுக்கு முன்னால், தென்காசி பஸ் நிற்கிறது. சாரலில் நனைந்த ரோடு, எண்ணெய் தேய்த்த முதுகு மாதிரி மினுங்குகிறது. டிரைவர் சுடலைமாடன் அண்ணாச்சி முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு ஏறி உட்காருகிறார். பழம் நசுங்கினால்தான் அவருக்கு மலையிறங்கத் தைரியம் வரும். பிரேக்கைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. வண்டி நகர்கிறது. பழம் வழுக்கி, முழுசாக உருண்டு, ரோட்டோரம் ஒதுங்குகிறது. கண்டக்டர் மீரான் பின்படியிலிருந்து குதித்து, அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறுகிறான். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். “ஏலே மீரான், நசுங்கிட்டா?” முன்னாலிருந்து அண்ணாச்சி திரும்பாமலே கேட்கிறார். “சட்னியா ஆயிட்டு அண்ணாச்சி! தைரியமா விடுங்க.” பழம் டிக்கெட் பைக்குள் போகிறது. அண்ணாச்சியின் தோள்கள் தளர்கின்றன. முதல் வளைவை ஒற்றைக் கையால் ஒடிக்கிறார், அடுத்ததில் சீட்டியடிக்கிறார். எண்ணெய்ப் புட்டியை மடியில் வைத்திருக்கும் கோமதியம்மாள், “பளம் முளுசால்லா கெடந்துச்சு…” என்று ஆரம்பிக்கிறாள். “சும்மா இரிட்டி, நல்லாத்தான ஓட்டுதாரு,” என்று அவள் புருஷன் பல்லைக் கடிக்கிறார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் மேகம். நாங்கள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, அண்ணாச்சியின் தைரியத்தைக் காப்பாற்றிக்கொண்டு இறங்குகிறோம்.