ஐந்தாவது பர்ஸ்

பரணிதரன் தன் பையிலிருந்து ஒரு பர்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு இன்னொன்று. மொத்தம் ஐந்து.

எனக்கு இருந்த மனநிலையில் அவற்றை நான் சரியாகப் பார்க்கவில்லை. என் கைப்பையில் ராஜினாமா கடிதம் இருந்தது. திங்கட்கிழமை பிரின்சிபால் கையில் கொடுத்துவிட்டு ஆளை விட்டால் போதும் என்று கிளம்பிவிடுவதாக முடிவு.

ஐ.டி.ஐ.களில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வேலூரில் கூட்டம் நடக்கும். இன்றும் அதற்குத்தான் வந்திருந்தோம். ஆளுக்கு ஒரு வழிகாட்டியை ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் இந்தப் பரணிதரன். நாட்றம்பள்ளிப் பக்கம் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் சொல்லிக்கொடுக்கிற தோல் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

நான் ஆம்பூரில் பதினெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் தைத்தவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தைப்பேன். ஆனால் லைனில் பேசினால் சூப்பர்வைசர் திட்டுவார் என்பதால் வாயைத் திறக்காமலே தைத்துப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவளைப் பதினாறு பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, சொல்லிக்கொடு என்றார்கள்.

பாடம் நடத்துமுன் அதை அவருக்கு போனில் சொல்லிக்காட்ட வேண்டும். இது பரணிதரன் போட்ட விதி. சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சொல்வேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொல்வது ஒன்றுதான்.

"புரியல மேடம். மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க."

ஒரு கார்டு பர்ஸில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பஸ் பாஸும் ஏ.டி.எம். கார்டும் வைத்துக்கொள்ள உள்ளங்கை அகலத்தில் ஒரு பர்ஸ். இரண்டு தோல் துண்டு. வெட்டு, ஓரத்தில் பசை தடவு, ஒட்டு, தை. போன வாரம் நான்கு நாள் சொன்னேன், நான்கு நாளும் புரியவில்லை. பேசும்போதே அந்தப் பக்கம் டக்டக்கென்று ஏதோ தட்டும் சத்தம் வேறு. என்னைக் கத்தவிட்டு இந்த ஆள் தன் வேலையைப் பார்க்கிறார் என்று எரிச்சலாக வரும். ஐந்தாம் நாள், "நேர்ல பாக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டார்.

இந்த வாரம் வகுப்பிலும் அதே கதை. புதன்கிழமை பொறுமை போய்விட்டது. மஹ்பூபி என்ற பெண்ணைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். முன்வரிசையில் நின்று நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதுகிறவள் அவள். வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை.

எனக்கு எதற்கு இந்த வேலை? பழைய கம்பெனியில் இன்னும் கூப்பிடுகிறார்கள். போய் வாயை மூடிக்கொண்டு தைக்கலாம். நேற்று உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்தேன்.

"இதெல்லாம் இன்னா சார்?" என்றேன், ஒரு மரியாதைக்கு.

"நீங்க சொன்னதுதான் மேடம். போன்ல சொல்லச் சொல்லவே செஞ்சேன். நீங்க சொன்னத மட்டும்."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

முதல் பர்ஸில் தோலின் பளபளப்பான பக்கம் உள்ளே போயிருந்தது. எது வெளிப்பக்கம் என்று நான் சொல்லவில்லை. அடுத்ததில் ஒரு துண்டு பெரிது, ஒன்று சின்னது. மூன்றாவதில், பசை கொஞ்சம் உலர்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லாததால், தடவிய உடனே ஒட்டி, சுத்தியலால் தட்டியதில் துண்டுகள் வழுக்கிப் போயிருந்தன. நான்காவதில் நூலில் முடிச்சு போடாமல் தைத்து, தைத்ததெல்லாம் உருவிக்கொண்டு வந்திருந்தது. நான்கும் பாதியில் நின்றவை. அவர் புரியல என்று சொன்ன இடம் அதுதான்.

ஐந்தாவதைக் கையில் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. வெல்டிங் பிடிக்கிற கை என்று சொல்ல முடியாது, தையல் அவ்வளவு நேர். திருப்பிப் பார்த்தேன். இன்னொரு முறை திருப்பினேன்.

நான்கு பக்கமும் தைத்திருந்தார். கார்டு நுழைக்க வழியே இல்லை.

"ஒரு பக்கத்த விடணும்னு நீங்க சொல்லவே இல்லியே மேடம்," என்றார்.

பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பரணிதரனும் சிரித்தார். நானும் சிரிப்பேன் என்று நினைத்திருப்பார் போல.



புதன்கிழமை மஹ்பூபி கொண்டுவந்து நீட்டிய பர்ஸும் இதேதான். நான்கு பக்கமும், பிசிறில்லாமல், அழகாகத் தைத்திருந்தாள். அதை உயரத் தூக்கி வகுப்புக்கே காட்டினேன். இதுக்குள்ள எதை வெப்ப, உனக்கு மூளையே இல்லியா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் தன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நான் சொன்ன எதையோ எழுதாமல் விட்டுவிட்டதாக நினைத்து அந்தப் பெண் தேடியிருக்கிறாள்.

பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தேன். வகுப்புப் பிள்ளைகளின் நம்பர் எல்லாம் என் போனில் இருந்தது. மஹ்பூபியின் அம்மா எடுத்தார்.

"ரெண்டு நாளா ஒரே பேஜார் பண்றா மேடம். எனக்கு மூளை இல்ல, படிப்பு வேணாம், கம்பெனிக்கே போறேன்றா. இருங்க, குடுக்கறேன்."

போன் கை மாறிய சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் வந்தது.



"மஹ்பூபி," என்றேன். "உங்கிட்ட நான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேம்மா."