ஹராக்காவை நீக்கலாமா?

ஒரே ஒரு பொத்தான்தான். அழுத்தினால் ஹராக்கா இனி இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்து இவ்வளவு சுலபமாகவா, என்று மெர்வி நினைத்துக்கொண்டிருந்தாள். காபிக் கடை மேசையின் எதிரே ஒஸ்மோ கோப்பையை ணங்கென்று வைத்தான்.

"நான் சம்மதம்னு அழுத்திட்டேன். இனி உன் கையிலதான் இருக்கு."

இருவரும் தாம்பெரே நகரிலிருந்து நடத்தும் அந்த இயங்குதளம் எல்லோருக்கும் இலவசம். யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நானூறு பேர் சம்பளமில்லாமல் அதற்கு எழுதுகிறார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் குழுவிலிருந்து ஒருவரை நீக்க, நிர்வாகிகளான இவர்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

"பன்னிரண்டு வருஷமா முகத்தைக் காட்டாம திட்டுற அந்த ஜென்மம் இந்த வாரம் என்ன எழுதியிருக்கு பாத்தியா?" ஒஸ்மோ கைபேசியைப் பார்த்துப் படித்தான். "'நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்ததில்லை. பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிப் பாஸாகிற பிள்ளைகள்.' பேரைப் பாரு, ஹராக்காவாம்! மின்னுறதையெல்லாம் திருடுற பறவை, நம்மளைத் திருடன்னு சொல்லுது!"

மெர்வி சிரித்தபடி இலவங்கப்பட்டை பன்னைப் பிய்த்தாள்.

"சிரிக்காதே. குழுவில அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஒஸ்மோ சொன்னால் செய்வான். இருபது வருடமாக அவளுக்குத் தெரியும். பன்னைத் தட்டில் வைத்தாள்.

"ஓடுற கணினியை நிறுத்தாமலே பிழை திருத்துற வழி. அதை யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான். மறந்துபோச்சா?"

"அதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனியிலயாவது இருந்துதா?"

"எங்கயும் இல்ல. அப்புறம் அவனுங்கதான் நம்மளைப் பாத்துக் காப்பியடிச்சானுங்க."

"எதுக்காக நாலு மாசம் உக்காந்தே?"

ஒஸ்மோ தாடியைச் சொறிந்தான். "அந்த ஹராக்காவோட வாயை மூடத்தான்."

"நானும் அப்ப ஏதோ எழுதினேனே?"

"நீயா? 'பழைய வழியே அருமையா இருக்கு ஒஸ்மோ'ன்னு எழுதினே. நீதான் எல்லாத்தையும் பாராட்டுவியே! நீ பாராட்டினா எனக்குத் தூக்கம்தான் வரும்."

"தெரியும்" என்றாள் மெர்வி.

அவன் மறுபடி கைபேசியை எடுத்தான். "இதைக் கேளு. 'செத்துக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து, ஓடுகிற வேலையைப் பக்கத்துக் கணினிக்குக் கடத்தும் வழி எந்தக் கம்பெனியிடமும் இல்லை. ஆகவே உங்களிடமும் வராது.' வராதாமே! பேனா இருக்கா?"

டிஷ்யூ காகிதத்தில் கட்டம் போட ஆரம்பித்தான். அழித்தான், அம்பு போட்டான், இன்னொரு காகிதம் கேட்டான். காபி ஆறிப்போயிற்று. சன்னலுக்கு வெளியே அந்த வருடத்தின் முதல் வெண்பனி விழுந்ததும் சேறாகிக்கொண்டிருந்தது. மெர்வி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பத்து வயது குறைந்திருந்தது.

"நான் வீட்டுக்குப் போய் இதைச் செஞ்சு பாக்கணும்." காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தான். "இந்த ஒரு பதிலை மட்டும் போட்டுடறேன். அப்புறம் அதை நீக்கிடு, என்ன?"

அவன் போனதும் மெர்வி மடிக்கணினியைத் திறந்தாள்.

'ஹராக்காவை நீக்கலாமா? ஒஸ்மோ சம்மதித்துவிட்டார்' என்றது திரை.

'வேண்டாம்' என்பதை மெல்ல அழுத்தினாள்.

பிறகு தன் கணக்கை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்து, 'டிஷ்யூ காகிதத்தில் நாலு கட்டம் போட்டால் கண்டுபிடிப்பாகிவிடுமா, ஒஸ்மோ?' என்று தட்டியவள், சட்டென நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அழித்தாள். 'என்ன, இந்த முறையும் காப்பிதானே?' என்று மட்டும் எழுதி, கீழே கையெழுத்திட்டாள்: ஹராக்கா.