நாற்பத்தொரு பெட்டிகள்

பெட்டிகள் எதுவும் இல்லை, என்றது திரை.

அந்த வரியை அவளேதான் எழுதியிருந்தாள். பக்கம் காலியாக இருந்தால் வெறிச்சென்று தெரியக் கூடாதே என்று.

மறுபடி திறந்தாள்.

பெட்டிகள் எதுவும் இல்லை.

மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு பேர் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, சர்வரில் ஓடுவதை அழித்து மறுபடி ஏற்றிக் காட்டச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் வேலை உண்டா இல்லையா என்பது. ஒன்பது வருடம் வீட்டில் இருந்தவளுக்கு இன்னொரு அழைப்பு எப்போது வருமோ, தெரியாது.

அடுக்களை வாசலில் நாத்தனார் சுகிர்தா, தேனீக்குப் புகை போடும் தகர டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ரப்பர் தோட்டங்களில் தன் தேனீப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நின்ற இடத்திலேயே போனில் பதிந்தவள் சுகிர்தா. எது எந்த விளையில் இருக்கிறது, ராணித் தேனீ எப்போது மாறியது, எத்தனை தேனடை. மைனியின் பரீட்சைக்கு வேண்டுமே என்று.

"சுகிர்தா."

"என்ன மைனி?"

"எல்லாம் போச்சு."

சுகிர்தா வந்து திரையை எட்டிப் பார்த்தாள். அந்த ஒரு வரியை இரண்டு முறை வாசித்தாள்.

"என்ன செஞ்சிய?"

வெயிலில் எழுத்துத் தெரியவில்லை என்று காலையில் சுகிர்தா சொல்லியிருந்தாள். இவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். செயலியையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் அடைத்துப் புதிய கண்டெய்னர் ஒன்று கட்டினாள். சர்வரில் பழையதை அழித்தாள். புதியதை ஏற்றினாள்.

ஏழு மாதப் படிப்பில் இருபது தடவையாவது செய்த வேலை.

அந்த இருபது தடவையும் உள்ளே யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை.

"பழசை எடுத்துட்டுப் புதுசை வச்சேன். நீ எழுதினது பூரா பழசுக்குள்ள இருந்திருக்கு."

சுகிர்தா யோசித்தாள்.

"பெட்டி மாத்தும்போ அடையை எடுத்து வைக்காம, பெட்டியோட தூக்கி எறிஞ்சிட்டிய."

"ஆமா."

"மொத வருசம் நானும் செஞ்சேன்."

"அழுதியா?"

"ரெண்டு நாளு. அம்மை பாத்துட்டு, தேனீக்காரிக்குச் சோறு எதுக்குன்னு கேட்டா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் வந்ததால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

பாடக் குறிப்பைத் தேடி எடுத்தாள். கண்டெய்னருக்கு வெளியே, சர்வரிலேயே தனியாக ஓரிடம் ஒதுக்கினாள். இனி எழுதுவதெல்லாம் அங்கே போய் இருக்கும்படி இரண்டையும் இணைத்தாள். கண்டெய்னர் போனாலும் அந்த இடம் போகாது. போகக் கூடாது.

"நோட்டுல எழுதி வச்சிருக்கியா?"

"நோட்டு எதுக்கு?"

சுகிர்தா தரையில் உட்கார்ந்து ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடினாள்.

"ஒண்ணு. தேவசகாயம் விளை, கிழக்கு மூலை. ராணி தை மாசம் மாறிச்சு. அஞ்சு அடை."

அவள் அடித்தாள்.

"ரெண்டு. அதே விளை, தண்ணித் தொட்டி பக்கம். ராணி கெழடு. நாலு அடை."

அடித்தாள்.

"ஏழு. கோபக்காரி. எங்க அம்மை மாதிரி."

"அதையும் அடிக்கணுமா?"

"அடிங்க மைனி. அம்மைக்குப் போன்ல வாசிக்கத் தெரியாது."

உள்ளறையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இருபத்துமூன்றில் சுகிர்தா நிறுத்தினாள். வலது கை எழுந்து, காற்றில் ஒரு மூடியைத் தூக்கியது. குனிந்து பார்த்தது முகம். மூடியைத் திரும்ப வைத்தது கை.

"மூணு அடை. ஒண்ணுல எறும்பு."

நாற்பத்தொன்று முடிந்தபோது மூன்று முப்பத்தைந்து.

எல்லாப் பெட்டிகளும் திரையில் வரிசையாக நின்றன.

இனி அழித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் அழிக்கச் சொல்வதற்கு முன் அவள் அழித்துப் பார்த்திருக்க வேண்டும். இணைத்தது சரிதானா என்று அறிய வேறு வழி கிடையாது.

கட்டளையை அடித்தாள். விரல் எண்டர் மேல் போய் நின்றது.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன மைனி, சத்தத்தைக் காணோம்?"

"மறுபடி போச்சுன்னா?"

"மறுபடி சொல்லுதேன். நேரம் கிடக்குல்லா."

"மூணு நாளு வெயில்ல நின்னு எழுதினது. ஒரு வார்த்தை ஏசலையே நீ."

"வேலை கிடைக்கட்டும். பொறவு ஏசுதேன்."

எண்டரை அழுத்தினாள்.

பக்கம் போயிற்று. புதிய கண்டெய்னர் எழுந்து நிற்க ஏழெட்டு விநாடி ஆகும். திரை வெள்ளையாகக் கிடந்தது.

சுகிர்தா கண்ணைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு தானாகவே தொடங்கினாள்.

"ஒண்ணு. தேவசகாயம் விளை, கிழக்கு மூலை."

திரையில் பெட்டிகளின் வரிசை திரும்பி வந்தது.



"ராணி தை மாசம் மாறிச்சு. அஞ்சு அடை."

அவள் சுட்டுவிரலைத் திரையின் முதல் வரி மேல் வைத்தாள்.

"ரெண்டு" என்றது குரல்.

விரல் ஒரு வரி கீழே இறங்கியது.