எது ஊற்றினாலும் ஓடும்

அறுபதுகளில் அமெரிக்காவில் டர்பைன் எஞ்சின் வைத்து ஒரு கார் செய்தார்கள். டீசல், மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய் என்று எது ஊற்றினாலும் ஓடிற்று. அதைப் போல ஒரு எஞ்சினைச் செய்தே தீருவது என்று மேலகரம் கோமதிசங்கர் பார்த்த வேலையை விட்டார்.

ஊரே சிரித்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி உமா மகேஸ்வரி மட்டும், "இந்தக் கிறுக்கு எப்பத்தான் தெளியுமோ" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை எஞ்சின் ஓடியேவிட்டது.

சிறிது நேரத்தில் வாசலில் கூட்டம் சேர்ந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போன வேன்கூட நின்றுவிட்டது. கோமதிசங்கர் மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா உமா?" என்றார்.

ஸ்டூலில் ஏறி நின்றார். பிஸ்டனே இல்லாமல் எஞ்சின் எப்படிச் சுழலுகிறது என்பதைச் சத்தத்தை மீறி விளக்கினார். கூட்டம் அசையாமல் கேட்டது.

"சந்தேகம் இருந்தா கேளுங்க."

முன்னால் நின்றவர் கையைத் தூக்கினார். "வாசனை தெருமுக்கு வரைக்கும் தூக்குது அண்ணாச்சி. நேந்திரங்காய் சிப்ஸ் எப்ப எடுப்பிய? எனக்கு அரைக்கிலோ."

கோமதிசங்கர் எஞ்சினின் புகையைப் பார்த்தார். டாங்கில் அவர் ஊற்றியிருந்தது, ஐந்தருவி சிப்ஸ் கடையில் பொரித்துக் கழித்த தேங்காய் எண்ணெய்.

அவர் வாய் திறக்குமுன் உமா மகேஸ்வரி முன்னால் வந்தாள்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. ஒரு அரை மணி நேரம் பொறுங்க."

பிறகு கணவரின் காதோரம் குனிந்தாள். "எஞ்சினை மட்டும் நிப்பாட்டிராதிய" என்று சொல்லிவிட்டு, கொல்லைக்கு வாழைத்தார் வெட்ட ஓடினாள்.