குச்சி பிடித்த கை

அன்று மழை பெய்ததா என்று தீர்த்தகிரிக்கு இப்போது சரியாக நினைவில்லை.

பெய்தது என்று மனைவி பானுமதி சொல்கிறாள். அவள் சொல்வதால்தான் அவருக்குச் சந்தேகம்.

கையில் களிமண் இருந்தது. அது மட்டும் நிச்சயம்.

ஆடியில் பொம்மிடி ரயில்வே கேட்டருகே வண்டியோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. களிமண்ணைப் பிசையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிசைந்த மண் ஒருநாள் தானாகவே தவிலானது. மறுநாள் அதன் பின்னால் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான்.

பார்க்க வந்த சந்திரமோகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர். செட்டுக்குத் தலைவர். இருவரும் மீசை முளைத்த காலத்திலிருந்து ஒன்றாக மேடையேறியவர்கள்.

"நம்ம செட்டையே செஞ்சு குடுங்க மாமா. வூட்டு ஷோகேஸ்ல வெக்கிறேன்."

தீர்த்தகிரி கேட்கத் தயங்கியதையும் அவரே சொல்லிவிட்டார். "உங்க எடம் அப்படியேதான் இருக்குது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் யாரையாச்சும் புடிச்சி ஓட்டிக்கிறோம்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய தவில் உறைக்குள் மூலையில் தொங்கியது. விரல் சரியாகும்வரை அதைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தார். தொட்டால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

சட்டையின் நிறம் தெரிய வேண்டுமென்று சந்திரமோகன் போனில் ஒரு படம் அனுப்பினார். மேடையில் நால்வர். ரோஸ் நிறப் பட்டுச் சட்டை. தவில்காரனின் முகத்தை நாதஸ்வரத்தின் அகன்ற வாய் மறைத்திருந்தது.

மூஞ்சி தெரியவில்லையே என்றதற்குப் போனில் சிரித்தார். "உங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா மாமா?"

அதுவும் சரிதான். தோள் தன்னுடையதாகத்தான் தெரிந்தது. சட்டையும்.

அன்று தவில்காரனுக்குக் குச்சி வைத்துக்கொண்டிருந்தார். துடைப்பத்து ஈர்க்கில் ஒரு துண்டு. இடது கையில் குச்சி, வலது கை விரல்களில் தொப்பிபோல் மாட்டிய கூடு. அவர் வாசிப்பது அப்படித்தான், ஊரில் எல்லோரும் வாசிப்பதும் அப்படித்தான்.

படத்தில் குச்சி வலது கையில் இருந்தது.

சிரிப்பு வந்தது. செல்ஃபி எடுத்திருப்பார்கள், செல்ஃபியில் இடம் வலமாகும்.

"பாரு, என்னைய நொட்டாங்கையனா ஆக்கிட்டானுங்க" என்று போனை பானுமதியின் பக்கம் நீட்டினார்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "போனு அப்படித்தாங்க காட்டும்" என்றாள். நிமிரவில்லை.

இடது கையிலேயே குச்சியைச் செருகினார். வலது விரல்களின் நுனியில் கடுகளவு மண்ணை ஒவ்வொன்றாக ஒட்டினார். நன்றாக வந்தது.

அடுத்து நாதஸ்வரம். சந்திரமோகன் எப்போதும் இடது கையை மேலே வைத்துப் பிடிப்பவர். பழக்கத்தில் அப்படியே பிடித்து வைத்துவிட்டு, செல்ஃபி ஞாபகம் வந்து படத்தைப் பார்த்தார்.

படத்திலும் இடது கைதான் மேலே இருந்தது.

மண் படிந்த விரலால் படத்தை நகர்த்தினார். மேடைக்குப் பின்னால் பேனர். பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் நேராகப் படிக்க வந்தன. அதற்குக் கீழே தேதி. இந்த ஆவணி.

ஆவணியில் அவர் கை மாவுக்கட்டில் இருந்தது.

கடத்தூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே குச்சியை வலது கையில் பிடித்துத் தவிலடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவருடைய கூடப்பிறந்த தம்பி அருள்குமார். இதே வீட்டில் சாப்பிட்டு, இதே வீட்டில் படுப்பவன். ஓசூர் கம்பெனியில் வேலை. சமீபகாலமாக முகூர்த்த நாள்களில் எல்லாம் அவனுக்கு டூட்டி விழுந்தது.

"அருளு எங்க?"

"டூட்டிங்க."

கத்தி நின்றுவிட்டிருந்தது.

எழுந்து மூலைக்குப் போனார். கையைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. தவில் உறையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

உள்ளே அமுங்கியது.

உறையின் வாயை அவிழ்த்தார். தவில் இல்லை. பழைய சேலை இரண்டு. அதற்கடியில் நீலப்பூ போட்ட சின்னத் தலையணை. கட்டுப் போட்ட கையை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரி வாசலில் வாங்கியது. வெயிலில் காயப் போட்டேன், நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த நாயை அவர் வேறு தெருத்தெருவாகத் தேடித் திட்டியிருந்தார்.

"தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவீங்கன்னுதான்…" என்றாள் பானுமதி.

அவர் பொம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. குச்சியை உருவி வலது கையில் செருகினார். கூடுகளைக் கிள்ளி எடுத்து இடது விரல்களில் ஒட்டினார்.

முகத்துக்கு வைத்திருந்த மண்ணைத் திரும்பப் பிசைந்துவிட்டார்.

கை பிறகு சரியாகிவிட்டது. தீர்த்தகிரி மேடையேறவில்லை, நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்து கொடுக்கிறார். அருள்குமார் கம்பெனியை விட்டுவிட்டு அந்தச் செட்டிலேயே இருக்கிறான். வாசிப்பில் நல்ல பெயர். தனியாக வீடு பார்த்துப் போய்விட்டான். பானுமதி தலையணையைத் துவைத்து வைத்திருக்கிறாள். அதில் யாரும் படுப்பதில்லை.

நான்கு பொம்மைகளும் சந்திரமோகன் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. தவில்காரனுக்கு மட்டும் முகம் ஏன் இல்லை என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

"அது எங்க தீர்த்தகிரி மாமா. தன்னையே செஞ்சிக்கறதுக்குக் கூச்சப்பட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

வாசிக்கும்போது சந்திரமோகன் கண்ணை மூடிக்கொள்பவர். பொம்மையிலும் குச்சி எந்தக் கையில் இருக்கிறது என்று இதுவரை பார்த்ததில்லை.