ஓடைக்கரை பிக்ஃபுட்

ரோமம் அடர்ந்த அந்தப் பெரிய கை, விழுந்து கிடந்த தேவதாரு மரத்தைக் கல்லால் இரண்டு முறை ஓங்கித் தட்டியது. தட்டிவிட்டு, அந்த உருவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

பதில் இல்லை. ஓடையின் இரைச்சல் மட்டும்தான். ரோமத்துக்குள் இருந்த வெண்டல் அழ ஆரம்பித்தான்.

பாவம், அழுவதற்குக்கூட வசதியில்லாத உடுப்பு அது. ரப்பர் முகமூடியை உடம்போடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஜிப் முதுகில் இருந்தது, அவனோ மல்லாந்து கிடந்தான். மழையில் மண் இளகி, அவன் சாய்ந்து நின்ற மரமே சரிந்து, அவன் வலது காலைப் பிடித்துக்கொண்டது.

ஓடைத் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. செயற்கை ரோமம் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. மழையோ விடுவதாக இல்லை. இருட்டுவதற்குள் யாராவது வந்து மரத்தை நகர்த்தாவிட்டால் அவன் கதை முடிந்தது.

வராமலே இருந்திருக்கலாம். காலையில், "பொண்ணுக்கு ஸ்கூல்ல நாடகம், என்னால முடியாது மச்சான்" என்று ஃபோனில் கையை விரித்தவன்தான். மழையில் கரண்ட் போய் நாடகம் ரத்தாகிவிட்டது. மச்சானின் பிழைப்பில் மண் விழுமே என்று மனசு கேட்காமல், மரம் ஏற்றும் லாரிகள் போகும் பழைய பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். வந்ததை மச்சானுக்குச் சொல்ல இந்த மலையில் ஃபோன் சிக்னல் ஏது? தட்டுகிற சத்தம் கேட்டால் தானே தெரிந்துகொள்கிறான் என்று விட்டுவிட்டான்.

வீட்டில் மனைவி லோர்னா, தன் அண்ணனோடுதானே போயிருக்கிறார் என்று நிம்மதியாக இருப்பாள். அதை நினைத்தபோது வெண்டலுக்கு இன்னும் அழுகை வந்தது.

அண்ணன்காரன் ராய்ஸ், பிக்ஃபுட் என்று சொல்லப்படும் ராட்சதக் குரங்கு மனிதனைத் தேடி வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறவன். மேட்டில் நின்று பேஸ்பால் மட்டையால் மரத்தைத் தட்டுவான். கீழே ஓடைக்கரையில் மறைந்திருக்கும் வெண்டல், பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டுவான். பிக்ஃபுட்டே பதில் சொல்கிறது என்று வந்தவர்களுக்குப் புல்லரித்துப்போகும். இரண்டுக்கு மேல் தட்டக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். யாரையும் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது ராய்ஸின் பொறுப்பு.

டொக்!

மேட்டிலிருந்து மட்டைச் சத்தம். வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு மூன்று. பிறகு கை ஓயும்வரை தட்டித் தள்ளினான். மச்சானுக்குப் புரிந்துவிடும். ஒப்பந்தத்தை மீறினால் ஆபத்து என்றுதானே அர்த்தம்?



"கேட்டீங்களா ராய்ஸ்? நம்மகிட்டதான் பேசுது!" ஒரு வயதான பெண்ணின் குரல், காற்றோடு வந்தது. "ரிக்கார்டர்ல விழுந்துச்சா பாருங்க. என்னை லூசுன்னு சொல்லிட்டு ஓஹையோவுல உக்காந்து டிவி பாத்துட்டிருக்காரு என் வீட்டுக்காரரு. போட்டுக் காட்டறேன் அவருக்கு!"

"அ... ஆமாங்க." ராய்ஸின் குரல் நடுங்கியது. "அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

என்ன நடிப்பு என்று அந்த நிலையிலும் வெண்டல் வியந்தான். போதும் மச்சான், இறங்கி வா.

"நிக்கறதாவது! இந்த மலை ஏறணும்னே மூட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தவ நான். நீங்க வரலேன்னா வழிய விடுங்க."

"மார்ஜோரிம்மா! சொன்னாக் கேளுங்கம்மா!"

கிழவி கேட்கிற ரகம் இல்லை போலிருந்தது. காலடிச் சத்தம் இறங்கி வந்தது. தண்ணீர் இப்போது நெஞ்சைத் தொட்டது. வெண்டல் கழுத்தை உயர்த்திக்கொண்டு, யாரென்றே தெரியாத அந்தக் கிழவிக்கு நூறு ஆயுசு கொடுக்கச் சொல்லிக் கர்த்தரை வேண்டிக்கொண்டான்.

மூடுபனிக்குள் டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. முன்னால் மஞ்சள் மழைக்கோட்டில் மார்ஜோரி. அவள் கோட்டு முனையைப் பிடித்து இழுத்தபடி பின்னால் ராய்ஸ்.

வெண்டல் கைகளை வீசினான். "மச்சான், நான்தான்! கால் மாட்டிக்கிச்சு, தூக்கு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். முகமூடியின் வாயில் அடைத்திருந்த பஞ்சு ஊறிப்போயிருந்தது. வெளியே வந்தது "ஹ்ர்ரூம்ம்ம்!" என்ற உறுமல்தான்.

மார்ஜோரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தி, என்ன அழகு!"

ராய்ஸ் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தான். சேறும் பாசியும் அப்பிக் கிடந்த அந்த உருவத்தின் மேல் வெளிச்சம் விழுந்து நின்றது. மேட்டை விட்டு இறங்கியே பழக்கமில்லாதவன், இந்த உடுப்பை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இருந்தாலும் மச்சானுக்கு மச்சானைத் தெரியாதா? ராய்ஸின் வாய் மெல்லத் திறந்தது.

அப்பாடா, பிழைத்தேன் என்று வெண்டல் கைகளைத் தொங்கவிட்டான்.

"ஓடுங்கம்மா! நம்மாளு இன்னைக்கு லீவு!"